தொங்கு நாடாளுமன்றத்தில் சிறு கட்சிகளின் கணக்கு: வேலூர், அரக்கோணம் வாக்காளர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாக்கு எண்ணிக்கை நாளன்று எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை என்பது மாலைக்குள் தெரிந்துவிட்டால், தொலைக்காட்சி விவாதங்களின் பேச்சே மாறிவிடும். அதுவரை 240, 99 என்று பெரிய எண்களை வைத்து வாதாடிக்கொண்டிருந்தவர்கள் 16, 12, 5 என்ற சிறிய எண்களுக்கு இறங்கிவருவார்கள். நான்கே உறுப்பினர்கள் உள்ள கட்சித் தலைவரின் வீட்டு வாசலிலும் ஒலிவாங்கிகள் நீளும். மறுநாள் காலை காட்பாடி ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் நடக்கும் விவாதமும் பெரும்பாலும் அந்த எண்களைச் சுற்றியே இருக்கும். அவற்றில் எது கனமுள்ளது, எது வெறும் சத்தம் என்று பிரித்தறிய, புதிதாக வாக்களிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் செய்தித் துறையில் இப்போதுதான் கால் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை உதவக்கூடும். ஒரு தாள், ஒரு பேனா, தேர்தல் ஆணையம் வெளியிடும் முடிவுப் பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கழித்தல் கணக்குக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஒரு சிறு கட்சியின் பலத்தை அதன் இடங்களின் எண்ணிக்கை மட்டும் சொல்லிவிடாது. அந்தக் கட்சி விலகினால் ஆட்சி நிற்குமா விழுமா என்பது முதல் கேள்வி. விலகிய பின் அதற்குப் போக வேறு இடம் உண்டா என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால்தான் ஆட்சியின் குடுமி அந்தக் கட்சியின் கையில் இருக்கிறது என்று சொல்லலாம். கீழே வரும் படிகள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காணும் வழிகளே.

முதல் படி: பெரும்பான்மைக் கோட்டை வரையுங்கள்

மக்களவையில் 543 இடங்கள். பெரும்பான்மைக்கு 272 வேண்டும். தமிழ்நாடு சட்டப்பேரவையில் 234 இடங்கள். அங்கே 118 வேண்டும். அமைச்சரவை மக்களவைக்கே கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு சொல்வதால், மாநிலங்களவையில் எத்தனை பேர் இருந்தாலும் ஆட்சி கவிழ்வதில் அவர்களுக்கு வாக்கு இல்லை. பழைய வாக்கெடுப்புகளைப் படிக்கும்போது 545 என்ற மொத்த எண்ணைக் கண்டு குழம்ப வேண்டாம். 2020 ஜனவரி வரை ஆங்கிலோ இந்தியர் இருவரை நியமிக்கும் வழக்கம் இருந்தது.

இந்தக் கோடு கல்லில் செதுக்கியதன்று என்பதைப் பிரிக்கப்படாத நம் வேலூர் மாவட்டம் இருமுறை கண்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 16 அன்று வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து செய்யப்பட்டதால், அந்த மே மாதம் நாடு முழுவதும் முடிவுகள் வந்தபோது அவையில் 542 இடங்களுக்கே ஆள் இருந்தது. ஆகஸ்ட் 5 அன்று நடந்த தேர்தலில் 8,141 வாக்கு வித்தியாசத்தில் திமுக வென்றது. பாஜக 303 இடங்களைப் பெற்றிருந்த அந்த ஆண்டில் வேலூரின் காலி நாற்காலியை டெல்லியில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரே வாக்கில் ஆட்சி கவிழ்ந்த 1999 போன்ற ஓர் அவையாக இருந்திருந்தால், அந்த மூன்று மாதங்களும் நாடே வேலூரை நோக்கித் திரும்பியிருக்கும்.

மற்றொன்று சட்டப்பேரவையில் நிகழ்ந்தது. முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதிமுக உறுப்பினர்கள் 18 பேரை 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் ஆகிய மூன்று தொகுதிகளின் உறுப்பினர்களும் அந்தப் பட்டியலில் இருந்தனர். ஆர்.கே. நகரும் அப்போது காலியாக இருந்ததால் அவையின் பலம் 215 ஆகச் சுருங்கியது; 118 ஆக இருந்த கோடு 108க்கு இறங்கியது. எதிர்த்து வாக்களிக்கக்கூடியவர்களை அவையிலிருந்து அகற்றினால், புதிதாக ஒருவரையும் சேர்க்காமலே பெரும்பான்மை கிடைத்துவிடும் என்பதை இந்த ஒரு நிகழ்வே விளக்கிவிடுகிறது. ஆகவே தாளின் மேற்பகுதியில் மொத்த இடங்களை எழுதியவுடன், காலியிடங்களைக் கழித்து, எஞ்சியதில் பாதியைத் தாண்டும் முதல் முழு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கட்சியைப் பார்க்காமல் சின்னத்தைப் பாருங்கள்

இது சிறிய படிதான்; ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். ஒரு கூட்டணியில் உள்ள சிறு கட்சியின் தலைவர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று வென்றால், அவையின் பதிவேட்டில் அவர் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுவார். எப்படி வாக்களிக்க வேண்டும் என்று அந்தக் கட்சியின் கொறடா இடும் உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தும். 2004இலும் 2009இலும் வேலூரில் வென்ற முஸ்லிம் லீக் வேட்பாளர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்றவர்கள். அவர்களுடைய இரண்டு வெற்றிகளும் திமுகவின் கணக்கில்தான் சேர்ந்தன. அதே முஸ்லிம் லீக், ராமநாதபுரத்தில் 2019இலும் 2024இலும் ஏணிச் சின்னத்தில் நின்று வென்றது. அந்த இடம் அக்கட்சிக்கே உரியது. எனவே 'கூட்டணியில் பத்துக் கட்சிகள்' என்று கேட்டவுடன் பத்து வரிகள் எழுதிவிடாமல், சின்னத்தின்படி பட்டியலைத் தயாரியுங்கள். தனி வரி இல்லாத கட்சி, விலகப்போவதாக மிரட்டுவது அவையில் செல்லாது. மாநிலத்தில் அதன் வாக்குகளுக்கு மதிப்பு இருக்கலாம்; அது வேறு கணக்கு.

மூன்றாம் படி: ஒவ்வொரு கட்சியாகக் கழித்துப் பாருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். ஆளும் அணியின் மொத்தத்தை எழுதி, ஒவ்வொரு கட்சியையும் தனித்தனியே கழித்து, மீதி கோட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டிரண்டாகக் கழிக்க வேண்டும்.

2024ஐ எடுத்துக்கொள்வோம். பாஜக 240 இடங்களைப் பெற்றது. கூட்டணியின் மொத்தம் 293. தெலுங்கு தேசத்துக்கு 16, ஐக்கிய ஜனதா தளத்துக்கு 12. அந்த ஜூன் மாதத்தில் எல்லாக் கடைத்திண்ணைகளிலும் கேட்ட கேள்வி, சந்திரபாபு நாயுடு கையை எடுத்தால் ஆட்சி போய்விடுமா என்பதுதான். தாளில் எழுதிப் பாருங்கள்: 293இலிருந்து 16 போனால் 277, கோட்டுக்கு மேல் ஐந்து. 293இலிருந்து 12 போனால் 281, கோட்டுக்கு மேல் ஒன்பது. இரண்டும் சேர்ந்து போனால் 265. ஆட்சி கோட்டுக்குக் கீழே விழுகிறது. தனித்தனியே எடுத்தால் இருவருமே ஆட்சியைக் கவிழ்க்க முடியாதவர்கள், சேர்ந்தால்தான் முடியும். இதன் விளைவு நுட்பமானது. ஒருவருக்கு ஏதேனும் கொடுத்து அவரைத் திருப்தியாக வைத்திருந்தால் மற்றவரின் மிரட்டலுக்கு வலு இல்லை. ஆனால் ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர் முகம் சுளிப்பார். 2024 ஜூலை 23 அன்று வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் ஆந்திரத்தின் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய்க்கு ஏற்பாடு செய்யப்படும் என்றும், பீகாரின் சாலைத் திட்டங்களுக்கு 26,000 கோடி ரூபாய் என்றும் ஒரே உரையில் அறிவிப்புகள் வந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் பொருள் விளங்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் மாநிலத்தைச் சேர்ந்தது. என் கருத்தில், முந்தையதைவிடப் பாடம் நிறைந்தது. 2006 சட்டப்பேரவைத் தேர்தலில் திமுக 96 இடங்களோடு ஆட்சி அமைத்தது. வெளியிலிருந்து ஆதரவளித்த கட்சிகள்: காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6. மொத்தம் 163. 'மைனாரிட்டி திமுக அரசு' என்று ஜெயலலிதா ஐந்து ஆண்டுகளும் விடாமல் சொல்லிவந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் கழித்துப் பாருங்கள்: காங்கிரஸ் முழுவதும் விலகினால்கூட 129, பாமக விலகினால் 145, இடதுசாரிகள் இருவரும் விலகினால் 148. எல்லாமே 118க்கு மேல். அதாவது தொடக்கத்தில் எந்தத் தனிக் கட்சிக்கும் அந்த அரசின் மீது பிடி இல்லை. 'மைனாரிட்டி' என்ற அடைமொழி எண்ணளவில் சரி, ஆபத்தளவில் சரியன்று.

2008இல் நிலைமை மாறியது. பாமக திமுக அணியிலிருந்து வெளியேற நேர்ந்தது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகளும் விலகினர். அரசு கவிழவில்லை. ஆனால் இப்போது தாளில் எஞ்சுபவை 96 என்ற எண்ணும் 34 என்ற எண்ணும்தான். இடைத்தேர்தல்களால் சற்றே கூடினாலும் 118ஐத் தனியாகத் தொட முடியாத நிலை. 2006இல் பலருள் ஒருவராக இருந்த காங்கிரஸ், ஓர் உறுப்பினரைக்கூடக் கூட்டிக்கொள்ளாமல், மற்றவர்கள் வெளியேறியதாலேயே இன்றியமையாத கட்சியானது. டெல்லியில் இதற்கு எதிர்ப்பக்கம் இருந்தது: 2009இல் 206 இடங்களோடு ஆண்ட காங்கிரசுக்கு அங்கே திமுகவின் 18 பேர் வேண்டியிருந்தனர். சென்னையில் ஒருவர் மற்றவரின் தயவில், டெல்லியில் மற்றவர் இவரின் தயவில். இரு கட்சிகளும் அந்த ஆண்டுகளில் பல கசப்புகளை விழுங்கிக்கொண்டு உடன் இருந்ததற்குக் கொள்கையில் காரணம் தேடுவதைவிட இந்த இரட்டைக் கழித்தலில் தேடுவது எளிது.

நான்காம் படி: போக வேறு இடம் உண்டா என்று பாருங்கள்

இந்தக் கேள்விக்குப் பழைய வடாற்காடு மாவட்டமே ஒரு பாடநூல். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், ஆந்திரப் பகுதியையும் உள்ளடக்கிய சென்னை மாகாணச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்தன. 188ஐ எட்ட இன்னும் 36 பேர் வேண்டும். எதிர்க்கட்சிகள் ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகத் திரண்டன. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். இந்த இடைவெளியில்தான் இரண்டு வட்டாரக் கட்சிகள் மாகாண அரசியலின் நடுவே வந்து நின்றன. வடாற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களில் செல்வாக்குப் பெற்றிருந்த மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்கள். தென்னாற்காட்டில் வேரூன்றியிருந்த ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள். மாணிக்கவேலு நாயகர் ராஜாஜியின் அமைச்சரவையில் அமைச்சரானார். படையாட்சியார் அப்போது அமைச்சரவைக்கு வெளியிலேயே இருந்தார்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். அதே 1952 தேர்தலில் காமன்வீல் கட்சி மக்களவைக்கும் 3 பேரை அனுப்பியது. ஆனால் அங்கே 489 இடங்களில் காங்கிரஸ் 364ஐ வைத்திருந்தது. அந்த மூவரின் ஆதரவுக்கு எந்த விலையும் இல்லை. ஒரே கட்சி, ஒரே ஆண்டு, ஒரே வாக்காளர்கள். சென்னையில் அமைச்சர் பதவி, டெல்லியில் பின்வரிசை. மற்றது காலம் பற்றியது. 1952 ஜூலை 3 அன்று ராஜாஜி நம்பிக்கை வாக்கெடுப்பில் 200க்கு 151 என்று வென்றார். அந்த 200இலிருந்து ஆறு பேரைக் கழித்தாலும் 194. ஜூலையில் காமன்வீல் இல்லாமலே அரசு நின்றிருக்கும். ஏப்ரலில் அவர்களுக்கு இருந்த விலை ஜூலையில் இல்லை. பந்திக்கு முந்த வேண்டும் என்ற பழமொழியை மாணிக்கவேலு நாயகர் நன்கு அறிந்திருந்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்து அவை சுருங்கியபோது கோடே மாறிவிட்டது; இருந்தும் 1954இல் முதலமைச்சரான காமராஜர் இரு தலைவர்களையும் அமைச்சரவையில் வைத்துக்கொண்டார்; காமன்வீல் கட்சி காங்கிரசில் கரைந்தது. அந்த ஆண்டில் காமராஜர் சட்டசபைக்குள் நுழையத் தேர்ந்தெடுத்த இடைத்தேர்தல் தொகுதி குடியாத்தம் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். வடாற்காட்டைத் தன்பக்கம் வைத்திருப்பது அன்றைய காங்கிரசுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

போக வேறு இடம் இல்லாமல் விலகினால் என்ன ஆகும் என்பதை 1999 காட்டியது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக அணி 30 இடங்களை வென்றிருந்தது. அவற்றுள் அதிமுகவுக்கு 18, வேலூர் உள்பட பாமகவுக்கு 4. 182 இடங்களோடு இருந்த பாஜகவின் தலைமையில் வாஜ்பாய் அரசு 1998 மார்ச்சில் 274க்கு 261 என்று வென்றபோது, அந்த 274இல் இந்த 18 இல்லையென்றால் ஆட்சியே இல்லை. முதல் கேள்விக்கு விடை ஐயமின்றி 'ஆம்'. 1999 ஏப்ரலில் அதிமுக விலகியது. பாமகவும் மதிமுகவும் அரசோடு நின்றன, எதிர் அணியிலிருந்த திமுகவும் அரசை ஆதரித்தது. ஆயினும் ஏப்ரல் 17 அன்று 269க்கு 270 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. ஆனால் மாற்று அரசு அமையவில்லை. முலாயம் சிங் யாதவின் கட்சி காங்கிரசை ஆதரிக்க மறுத்ததால் 272 என்ற எண் சேரவேயில்லை. நாடு மீண்டும் தேர்தலுக்குச் சென்றது. அந்தத் தேர்தலில் அதிமுகவுக்கு 10 இடங்களே கிடைத்தன. கவிழ்க்கும் பலம் இருந்தது, ஆக்கும் பலம் இல்லை.

இதே கேள்வியைப் பெரிய கட்சியின் பக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவைத் திரும்பப் பெற்றபோது மன்மோகன் சிங் அரசு சமாஜ்வாதிக் கட்சியைத் துணைக்கு அழைத்து 275க்கு 256 என்று தப்பியது. 2013 மார்ச்சில் இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்துத் திமுக விலகியபோதும், சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் ஆகியவற்றின் வெளி ஆதரவால் அரசு நிலைத்தது. கழித்தல் கணக்கில் இன்றியமையாததாகத் தோன்றிய 18 இடங்கள், நடைமுறையில் அப்படி இல்லாமல் போனதற்குக் காரணம், அவற்றின் இடத்தை நிரப்ப வேறு கட்சிகள் வாசலில் காத்திருந்ததுதான். எனவே கழித்த பிறகு, எதிர் வரிசையிலிருந்து யாரைக் கூட்ட முடியும் என்பதையும் எழுதிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஆதரவின் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள்

அமைச்சரவையில் பங்கேற்று ஆதரிப்பது ஒரு வகை. வெளியிலிருந்து ஆதரிப்பது மற்றொரு வகை. வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் மறைமுகமாக உதவுவது மூன்றாம் வகை. வெளியிலிருந்து தரும் ஆதரவு பார்ப்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு கடிதம் போதும். 1997 நவம்பரில், ஐக்கிய முன்னணி அரசிலிருந்து திமுக அமைச்சர்களை நீக்க வேண்டும் என்று, வெளியிலிருந்து ஆதரித்துவந்த காங்கிரஸ் கோரியது, முன்னணி மறுத்தது, ஆதரவு போனது, பிரதமர் குஜ்ரால் பதவி விலகினார். சிறு கட்சிகள் உள்ளேயும் பெரிய கட்சி வெளியேயும் இருந்த தலைகீழ் ஏற்பாடு அது.

ஆதரவு வாய்மொழியாக இருந்தால் பட்டியலில் பென்சிலால் எழுதுங்கள். குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு பேனாவால் எழுதலாம். 1998இல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் ஆதரவுக் கடிதங்களைப் பார்த்த பிறகே வாஜ்பாயை அழைத்தார். அதிமுகவின் கடிதம் வரத் தாமதமான அந்த நாட்களில் டெல்லி முழுவதும் சென்னையை நோக்கியே காத்திருந்தது. யாரை முதலில் அழைப்பது என்பதற்கு, மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, பிறகு பிறர் ஆதரவைக் காட்டும் தனிப்பெரும் கட்சி, பிறகு எல்லோரும் அமைச்சரவையில் சேரும் தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணி, கடைசியாகச் சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் இருக்கும் கூட்டணி. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் எண்ணக் கூடாது, அவையில்தான் எண்ண வேண்டும் என்பதை 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உறுதிசெய்தது.

ஆறாம் படி: கேட்கப்படும் விலையைப் படியுங்கள்

அமைச்சர் பதவி, நிதி ஒதுக்கீடு, பேரவைத் தலைவர் நாற்காலி ஆகியவையே வழக்கமான விலைகள். 2003இல் வந்த அரசியலமைப்புத் திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கையை அவையின் 15 விழுக்காட்டுக்குள் அடக்கியதால், மத்தியில் 81, தமிழ்நாட்டில் 35 என்பதற்கு மேல் பங்கிட இடமில்லை. புதியவர்கள் சாதாரணமாகக் கடந்துபோவது பேரவைத் தலைவர் பதவியை. 1998இல் 12 இடங்களோடு வெளியிலிருந்து ஆதரித்த தெலுங்கு தேசம் அமைச்சர் பதவி கேட்கவில்லை. அக்கட்சியின் பாலயோகி மக்களவைத் தலைவரானார். கட்சித் தாவல் புகாரைத் தீர்ப்பவரும், சந்தேகத்துக்குரிய வாக்கை அனுமதிப்பவரும் அவரே என்பதால், உடையும் அபாயமுள்ள ஒரு சிறு கட்சிக்கு அந்த நாற்காலி இரண்டு அமைச்சர் பதவிகளைவிடப் பெறுமதியானது.

எல்லாப் பதவிகளும் மிரட்டிப் பெற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. 2004இல் பாமகவுக்கு 6 இடங்கள். இடதுசாரிகளின் 59ஐயும் மற்றவர்களின் வெளி ஆதரவையும் சேர்த்து 300ஐத் தாண்டியிருந்த அந்த அணியில் ஆறு பேரைக் கழித்தால் எதுவும் அசையாது. இருந்தும் அரக்கோணத்தில் வென்ற ஆர். வேலு ரயில்வே இணையமைச்சரானார். தேர்தலுக்கு முன்பே கூட நின்றவர்களுக்குப் பங்கு கொடுப்பது கூட்டணி மரபு. ஆனால் எந்தத் துறை என்பதில் ஊரின் கணக்கு இருக்கிறது: காலை மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகிறவர்கள் நிறைந்த ஒரு சந்திப்பு நிலைய ஊருக்கு ரயில்வேயைவிடப் பொருத்தமான துறை வேறு இல்லை. ஒரு சிறு கட்சி கேட்கும் துறையைப் பார்த்தால், அது அடுத்த தேர்தலில் எந்த வாக்காளரிடம் போய் நிற்கப்போகிறது என்பது புரிந்துவிடும்.

ஏழாம் படி: வாக்கெடுப்பு நாளில் வருகையை எண்ணுங்கள்

272 என்பது எல்லோரும் அவைக்கு வந்தால் மட்டுமே. வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். 1993 ஜூலை 28 அன்று நரசிம்ம ராவ் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251க்கு 265 என்று தோற்றது; 265 போதுமானதாக இருந்தது. அந்த வாக்கெடுப்பில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் பணம் பெற்றதாக எழுந்த வழக்கில், அவையில் அளித்த வாக்குக்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடர முடியாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ஒதுக்கித் தள்ளியது. ஆகவே வாக்குக்குப் பணம் வாங்கும் உறுப்பினர்களுக்கு இன்று அந்தப் பாதுகாப்பு இல்லை.

1999இன் ஒற்றை வாக்குக்கு வருவோம். ஒடிசாவின் முதலமைச்சராகிவிட்ட கிரிதர் கமாங் மக்களவை உறுப்பினர் பதவியை விடாமல் இருந்தார். அவரது மனச்சாட்சிக்கே விட்டுவிடுவதாக அவைத் தலைவர் சொல்ல, அவர் எதிர்த்து வாக்களித்தார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் தன் கட்சியின் முடிவை மீறி எதிர்த்தார். ஒதுங்கி நிற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பகுஜன் சமாஜின் 5 பேரும் எதிர்த்தனர். இவர்களுள் யாருடைய வாக்கு ஆட்சியைக் கவிழ்த்தது என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள்; ஒரு வாக்கு வித்தியாசத்தில் எதிர்த்த 270 பேரும் அந்தப் பெருமைக்கோ பழிக்கோ உரியவர்களே. சமநிலை வந்தால் மட்டுமே அவைத் தலைவர் வாக்களிப்பார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்சி உடையுமா என்பதைக் கணக்கிடுவதற்கும் ஒரு வழி உண்டு. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து போகலாம் என்றிருந்த ஓட்டையை 2003 திருத்தம் அடைத்துவிட்டது; இப்போது வேறு கட்சியோடு இணைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும். 16 பேர் உள்ள கட்சியில் 11 பேர், 12 பேர் உள்ள கட்சியில் 8 பேர், 3 பேர் உள்ள கட்சியில் 2 பேர். கட்சி சிறுத்தால் உடைப்பதும் எளிது. இரண்டு பேரிடம் பேசினால் போதும். சுயேச்சையாக வென்றவர் யாரையும் ஆதரிக்கலாம். ஆனால் ஏதேனும் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும்.

எட்டாம் படி: பட்டியலைத் தூக்கி எறியாதீர்கள்

பதவியேற்பு முடிந்தவுடன் தொலைக்காட்சிகள் வேறு செய்திக்குப் போய்விடும். ஆனால் சிறு கட்சியின் பிடி இறுகுவதும் தளர்வதும் அதற்குப் பிறகுதான். நிதிநிலை அறிக்கை வாக்கெடுப்பு, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஆகிய இரண்டில் எதில் தோற்றாலும் அரசு பதவி விலக வேண்டியிருக்கும் என்பதால் அந்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவே 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஆகவே ஆறேழு பேர் உள்ள கட்சி தனியாக அதைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தால், துணைக்கு யார் எழுவார்கள் என்று கேளுங்கள். ஒவ்வோர் இடைத்தேர்தலுக்கும், பதவி விலகலுக்கும், தகுதிநீக்கத்துக்கும் பிறகு கோட்டைத் திருத்தி, மறுபடியும் கழித்துப் பாருங்கள். திருத்திய ஒவ்வொரு முறையும் தாளின் ஓரத்தில் தேதியை எழுதுங்கள். 2006 மே மாதத்துப் பட்டியலையும் 2008 இறுதியின் பட்டியலையும் தேதியில்லாமல் கலந்துவிட்டால், காங்கிரசின் 34 இடங்கள் எப்போது கனத்தன என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.